தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?



“நல்ல தண்ணீருக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை.” ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த நாள் தொட்டு இவ்வரியை நாம் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். மாணவர்களும் அதனை மனனம் செய்து, தேர்வில் எழுதி, முழுப் புள்ளியும் பெற்று வந்தனர்.

சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இப்பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, இம்மூன்றும் இல்லையென்றால் அந்தத் தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா?” என்று கேட்டாள். “குடிக்கலாம்” என்ற சொல் நம் நாவின் நுனிவரை வந்துவிட்டது. ஆயினும் சொல்லவில்லை. நிறமும் மணமும் சுவையும் இல்லாத நீரைப் பல ஆண்டுகள் நம்பிக் குடித்து, அதனாலேயே நோயுற்ற ஒரு நாட்டு மக்களின் கதை அவ்வேளையில் நம் நினைவுக்கு வந்தது. அம்மாணவிக்கு அன்று சொன்ன விடையை இன்னும் சற்று விரிவாக இம்மலரில் எழுதுகிறோம்.

நன்மை கருதித் தோண்டிய கிணறுகள்

வங்காளதேசம் ஆறுகளின் நாடு. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய பேராறுகள் அங்கே ஒன்றுகூடிக் கடலில் கலக்கின்றன. நீருக்குப் பஞ்சமில்லாத அந்நாட்டில் நல்ல நீருக்கு மட்டும் நெடுங்காலம் பஞ்சம் இருந்தது. கிராமத்து மக்கள் குளத்திலும் ஆற்றிலும் நீர் மொண்டு குடித்தனர். குளிப்பதும் துவைப்பதும் அதே நீரில்தான். அதனால் வாந்திபேதியும் வயிற்றுப்போக்கும் பரவின. குழந்தைகள் பெருந்தொகையாக மாண்டனர்.

இக்கொடுமையைத் தீர்க்க ஒரு வழி காணப்பட்டது. நிலத்தடி நீரில் நோய்க்கிருமிகள் மிகக் குறைவு. ஆகவே நிலத்தில் குழாயை இறக்கி, மேலே கைப்பம்பு பொருத்தினால், குளத்து நீரைக் குடிக்கவேண்டிய நிலை நீங்கும் அல்லவா? 1970களில் வங்காளதேச அரசாங்கமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யூனிசெஃப்பும் சேர்ந்து இவ்வகைக் குழாய்க் கிணறுகளை ஊர்தோறும் அமைத்தன. அதன் பயனைக் கண்ட மக்கள் தங்கள் சொந்தப் பணத்திலேயே வீட்டுக்கு வீடு கிணறு இறக்கத் தொடங்கினர். நாட்டில் இலட்சக்கணக்கான கைப்பம்புகள் தோன்றின. நீர் பளிங்குபோல் தெளிவாக இருந்தது. எல்லாரும் மகிழ்ந்தனர்.

அந்நீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்திருந்ததை அப்போது ஒருவரும் அறியவில்லை. தமிழ் மருத்துவ நூல்களில் பாஷாணம் என்று நாம் படிப்பது இந்த ஆர்செனிக்கின் வகைகளையும் சேர்த்தே.

தோலில் தோன்றிய அடையாளம்

1983ஆம் ஆண்டில் கல்கத்தா நகரின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் தோல்நோய் மருத்துவரான கே. சி. சாகா என்பவரிடம் மேற்கு வங்காளக் கிராமத்தார் சிலர் வந்தனர். அவர்கள் உடலில் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகள் காணப்பட்டன. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் கரடுமுரடாகிப் போயிருந்தன. அவை ஆர்செனிக் நஞ்சின் அடையாளங்கள் என்று அம்மருத்துவர் கண்டறிந்தார். நஞ்சு எதன் வழியே உடலுக்குள் புகுந்தது? அவர்கள் நாள்தோறும் குடித்த கிணற்று நீரின் வழியேதான்.

நிலத்தடி மண்ணுக்கு எல்லைக்கோடு தெரியாது. எல்லைக்கு அப்பால் வங்காளதேசத்தின் நவாப்கஞ்ச் மாவட்டத்துக் கிணறுகளிலும் இந்நஞ்சு இருப்பது 1993இல் உறுதிப்பட்டது. கல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீபங்கர் சக்கரவர்த்தி என்னும் விஞ்ஞானி ஊர் ஊராகச் சென்று நீரைச் சோதித்து, இதன் பரப்பை உலகறியச் செய்தார்.

இந்நோய் ஒட்டுவாரொட்டி அன்று. ஒருவரைத் தொடுவதால் மற்றவருக்கு வராது. ஆயினும் அறியாமையினால் மக்கள் இதனைத் தொழுநோய் என்று எண்ணி அஞ்சினர். நோயுற்ற பெண்களுக்குத் திருமணம் தடைப்பட்டது. சில குழந்தைகள் பள்ளியில் ஒதுக்கப்பட்டனர். நஞ்சு உடலைக் கெடுத்தது போதாதென்று, அறியாமை அவர்கள் வாழ்வையும் கெடுத்தது. ஆசிரியராகிய நம் மனத்தை மிகவும் வருத்துவது இச்செய்தியே.

நஞ்சு எங்கிருந்து வந்தது?

இதனை ஒருவரும் கிணற்றில் கொட்டவில்லை. இமயமலையின் பாறைகளில் ஆர்செனிக் சிறிதளவு உண்டு. மழையும் ஆறும் அப்பாறைகளைப் பல்லாயிரம் ஆண்டுகள் அரைத்து, வண்டலாக்கிச் சமவெளியில் கொண்டுவந்து படிய வைத்தன. அவ்வண்டலில் இரும்புத் துருவைப் போன்ற பொருள் மணல்மீது மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். ஆர்செனிக் அத்துருவைப் பற்றிக்கொண்டு கிடக்கும். மண்ணில் புதையுண்ட இலை தழைகளை நுண்ணுயிர்கள் மக்கச் செய்யும்போது அங்குள்ள உயிர்வளி தீர்ந்துபோகிறது. உயிர்வளி இல்லாத இடத்தில் அந்தத் துரு கரைகிறது. கரையவே, அது பிடித்து வைத்திருந்த ஆர்செனிக் நீரில் கலந்துவிடுகிறது.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. மண்ணடுக்கு இடத்துக்கு இடம் மாறுபடுவதால், ஒரு வீட்டுக் கிணற்றில் நஞ்சு மிகுந்திருக்க, அதற்குச் சில அடிகள் தள்ளியுள்ள அடுத்த வீட்டுக் கிணற்றில் நஞ்சே இல்லாதிருப்பதும் உண்டு. ஆதலின், “அடுத்த வீட்டுக் கிணறு நல்லது, எனவே நம் கிணறும் நல்லதே” என்று கூறுவதற்கில்லை. ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

தோட்டப்புறத்தில் வாழும் நமக்கும் ஆர்செனிக் முற்றிலும் அயலான பொருள் அன்று. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் லாலான் புல்லை அழிக்க ஒரு காலத்தில் தெளிக்கப்பட்ட சோடியம் ஆர்செனைட்டு என்னும் மருந்து இந்த ஆர்செனிக்கினால் ஆனதே. 1960களில் வேறு மருந்துகள் வந்த பின்னர் அது வழக்கொழிந்தது. புல் மருந்து அடித்த பக்கம் ஆடுமாடுகளை விடக்கூடாது என்று நம் முன்னோர் அஞ்சியது காரணமில்லாமல் அன்று.

எவ்வளவு இருந்தால் தீங்கு?

உலகச் சுகாதார நிறுவனம் 1993இல் வகுத்த வழிகாட்டு அளவின்படி ஒரு லிட்டர் குடிநீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருத்தலாகாது. வங்காளதேசத்தின் சட்ட அளவு 50 மைக்ரோகிராம் ஆகும்.

ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. மாணவர்களுக்கு விளங்குமாறு கூறுவோம். 7 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடைய ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தரை முதல் கூரை வரை அதில் நீரை நிரப்பினால் 105,000 லிட்டர் கொள்ளும். அவ்வளவு நீரிலும் ஒரே ஒரு கிராம் ஆர்செனிக் கரைந்திருந்தால், அதுவே ஏறத்தாழ உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தொட்டுவிடும். ஒரு கிராம் என்பது கால் தேக்கரண்டிக்கும் குறைவான பொடி! இதனைக் கண்ணால் காண இயலுமா? நாவினால் உணர இயலுமா?

இந்நஞ்சு ஒரே நாளில் கொல்வதில்லை. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்ந்தே தோலில் தன் அடையாளத்தைக் காட்டும். காலப்போக்கில் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகிய உறுப்புகளில் புற்றுநோயையும் உண்டாக்கவல்லது. கொதிக்க வைத்தாலும் இது அகலாது. கொதிநீரில் கிருமிகள் சாகும். ஆனால் நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் ஆர்செனிக்கின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது நல்ல பழக்கம். அதனைக் கைவிட வேண்டா. ஆயினும் அது எல்லாத் தீங்குக்கும் மருந்தாகாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

தேடாத பொருள் அகப்படாது

“இத்தனை ஆண்டுகளாக அந்நீரை யாருமே சோதிக்கவில்லையா?” என்று நீங்கள் கேட்பீர்கள். சோதித்தனர். பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் 1992இல் வங்காளதேசத்தின் 150 கிணறுகளின் நீரை எடுத்துப் பல தனிமங்களுக்காகச் சோதித்தது. ஆனால் அப்பட்டியலில் ஆர்செனிக் இடம்பெறவில்லை. வண்டல் மண்ணின் நீரில் அது இருக்கக்கூடும் என்று அக்காலத்தில் பொதுவாக எதிர்பார்க்கப்படவில்லை. பின்னர் இது குறித்து இங்கிலாந்தில் வழக்கும் தொடரப்பட்டது. அந்நிறுவனம் சட்டப்படி பொறுப்பாகாது என்று பிரபுக்கள் சபை 2006இல் தீர்ப்பளித்தது. சட்டம் எவ்வாறாயினும், அறிவியல் மாணவர்க்கு இதிலுள்ள பாடம் தெளிவானது. சோதனைத் தாளில் ஒரு நஞ்சின் பெயர் இல்லையென்றால், அந்நஞ்சு நீரில் இல்லையென்று பொருளாகாது; அது தேடப்படவில்லை என்பதே பொருள்.

பின்னர் 1998, 1999ஆம் ஆண்டுகளில் அதே நிறுவனமும் வங்காளதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் சேர்ந்து, 61 மாவட்டங்களில் 3,534 கிணறுகளை ஆர்செனிக்குக்காகவே சோதித்தன. ஆழம் குறைந்த கிணறுகளுள் நூற்றுக்கு 27 கிணறுகளில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் நஞ்சு இருந்தது. சுமார் 3 கோடியே 50 இலட்சம் மக்கள் அத்தகைய நீரைக் குடித்து வந்தனர் என்று மதிப்பிடப்பட்டது. வரலாற்றில் ஒரு மக்கட்கூட்டம் இவ்வளவு பெரிய அளவில் நஞ்சூட்டப்பட்டதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏடு 2000ஆம் ஆண்டில் எழுதியது.

காகிதத் துண்டு கூறும் சான்று

ஊர்தோறும் பல இலட்சம் கிணறுகள் உள்ள நாட்டில், ஒவ்வொன்றின் நீரையும் தலைநகரத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசெல்வது எளிதன்று. எனவே கிணற்றடியிலேயே செய்யத்தக்க ஒரு சோதனை மேற்கொள்ளப்பட்டது. இதன் வேர் மிகப் பழையது. நஞ்சிட்டுக் கொன்ற குற்றங்களைக் கண்டறிவதற்காக 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் என்னும் ஆங்கிலேய இரசாயன அறிஞர் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது.

சோதனை நடைபெறும் முறை வருமாறு:

முதலில், கைப்பம்பைச் சில நிமிடம் அடித்துக் குழாயில் தங்கிய பழைய நீரை வெளியேற்றுவர். பின்னர்ப் புதிய நீரைச் சிறு புட்டியில் குறியிட்ட அளவு பிடிப்பர். அதில் அமிலத்தையும் துத்தநாகத் தூளையும் இடுவர். உடனே நீர் நுரைத்துப் பொங்கும். அமிலமும் துத்தநாகமும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவைத் தோற்றுவிக்கின்றன. நீரில் ஆர்செனிக் இருந்தால் அது ஹைட்ரஜனோடு கூடி ஆர்சின் என்னும் வாயுவாகி மேலெழும்.

புட்டியின் மூடியில் மெர்க்குரிக் புரோமைடு தோய்ந்த வெண்ணிறக் காகிதத் துண்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். மேலெழும் ஆர்சின் வாயு அதில் பட்டதும் காகிதம் நிறம் மாறும். நஞ்சு சிறிதாயின் இளமஞ்சள்; மிகுதியாயின் பழுப்பு. சுமார் அரைமணி நேரத்திற்குப் பின்னர் அக்காகிதத்தை எடுத்து, நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைக் கூறுவர்.

பல கிராமங்களில் பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களே இச்சோதனையைச் செய்தனர். பெரும் பட்டம் பெற்றவர்கள் அல்லர் அவர்கள். கவனமும் நேர்மையும் அவர்களிடம் இருந்தன. ஆர்சின் வாயுவும் அக்காகிதமும் நஞ்சாதலால், பயிற்சியில்லாதவர் இதனை வீட்டில் செய்து பார்த்தல் ஆகாது என்பதை மாணவர்கள் மறவாதிருக்க!

இச்சோதனைக்கும் குறை உண்டு. நஞ்சின் அளவு எல்லைக்கோட்டுக்கு அருகில் இருக்கும்போது, இது மஞ்சளா, சற்றே அடர்ந்த மஞ்சளா என்று கண் தடுமாறும். அதனால் சில நல்ல கிணறுகள் தீயவை என்றும், சில தீய கிணறுகள் நல்லவை என்றும் குறிக்கப்பட்டன. எனவே ஒரு பகுதி நீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, நுண்கருவிகளால் மீண்டும் சரிபார்ப்பது இன்றியமையாதது. தன் விடையைத் தானே மறுபடியும் சரிபார்க்கும் மாணவனைப் போன்றதே நல்ல அறிவியல்.

சிவப்பும் பச்சையும்

சோதித்ததோடு பணி முடிந்ததா? முடிவு தாளில் உறங்கினால் யாருக்குப் பயன்? எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் விளங்க வேண்டுமே! அதற்கு எளிய வழி ஒன்றைக் கையாண்டனர். 50 மைக்ரோகிராமுக்கு மேல் நஞ்சுள்ள கைப்பம்புக்குச் சிவப்புச் சாயமும், அதற்கு உட்பட்டதற்குப் பச்சைச் சாயமும் பூசினர். 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் இவ்வாறு சோதிக்கப்பட்டன. அவற்றுள் சுமார் 14 இலட்சம் கிணறுகள் சிவப்பாயின.

சிவப்புக் கிணற்றை மூடிவிடவில்லை. அந்நீரில் குளிக்கலாம், துணி துவைக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் கூடாது. குடிநீருக்கு அண்டை வீட்டின் பச்சைக் கிணற்றை நாட வேண்டும். அராய்ஹசார் வட்டாரத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வில், தம் கிணறு தீயது என்று அறிந்தவர்களுள் ஏறத்தாழப் பத்தில் அறுவர் ஓராண்டுக்குள் வேறு கிணற்றுக்கு மாறிவிட்டனர். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. உண்மை மட்டுமே கொடுக்கப்பட்டது. தம் வீட்டுப் பம்பை அண்டை வீட்டாருக்குத் திறந்துவிட்ட நல்லோர் பலருடைய உதவியும் அதில் அடங்கும்.

மற்ற வழிகளும் பின்தொடர்ந்தன. 150 மீட்டருக்கும் ஆழமான கிணறுகளின் நீர் பெரும்பாலும் நஞ்சற்றது எனக் கண்டு, பொதுக் கிணறுகளை ஆழமாக இறக்கினர். வங்காளதேசத்தில் பிறந்த அபுல் உசாம் என்னும் இரசாயனப் பேராசிரியர் இரும்புத்துகளும் மணலும் கொண்டு அமைத்த எளிய வடிகலத்துக்கு 2007இல் அமெரிக்காவின் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது.

சாயம் மங்கிய பின்னர்

இக்கதை இங்கே இனிதாக முடிந்திருந்தால் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் வெயிலிலும் மழையிலும் நின்ற பம்புகளின் சாயம் சில ஆண்டுகளில் மங்கிப் போயிற்று. எது சிவப்பு, எது பச்சை என்று தெரியாமற் போயிற்று. புதிய குடும்பங்கள் புதிய கிணறுகளை இறக்கின. அவற்றைச் சோதிக்க ஆள் வரவில்லை. 2019இல் எடுக்கப்பட்ட நாடளாவிய கணக்கெடுப்பிலும், பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் வங்காளதேசச் சட்ட அளவைத் தாண்டிய நீரையே பயன்படுத்தி வந்தது தெரியவந்தது.

நோய் தீர்ந்ததாக எண்ணி மருந்தை நிறுத்திய நோயாளியின் நிலை போன்றது இது. நீர்ச் சோதனை என்பது ஒருமுறை செய்து முடிக்கும் சடங்கு அன்று. வயலுக்கு ஆண்டுதோறும் களை எடுப்பதுபோல் இடைவிடாது செய்யவேண்டிய கடமை அது.

நாம் கற்கவேண்டியது

நம் மலேசியாவில் சுகாதார அமைச்சு 1983 முதல் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டத்தை நடத்தி வருகிறது. ஆர்செனிக்குக்கு இங்கே விதிக்கப்பட்ட எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம். குழாயைத் திருகியதும் வரும் நீருக்குப் பின்னால், மாதிரி எடுக்கும் ஊழியர், சோதிக்கும் இரசாயனர், கணக்கெழுதும் அதிகாரி எனப் பலருடைய உழைப்பு நிற்கிறது. அவர்களை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். அதே வேளையில், குழாய் நீரை விட்டுக் கிணறு, ஓடை, ஊற்று ஆகியவற்றின் நீரைக் குடிப்போர் “பார்வைக்குத் தெளிவாகத்தானே இருக்கிறது” என்று இருந்துவிடாமல், சுகாதார அலுவலகத்தாரிடம் கூறிச் சோதித்துக்கொள்வது நலம். என்னென்ன பொருள்களுக்காகச் சோதித்தார்கள் என்பதையும் கேட்டறிக. கேட்பது குற்றம் அன்று.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பெரியோர் வாக்கு. வங்காளதேசத்துத் தாய்மார் தம் குழந்தைகளுக்கு அன்போடு ஊட்டிய நீரும் கண்ணுக்குத் தெளிந்த நீர்தான். அவர்கள்மீது குற்றமில்லை. தீர விசாரித்து அவர்களுக்கு உண்மையைக் கூறவேண்டியவர்கள் காலந்தாழ்ந்து வந்ததே குறை.

அன்று வகுப்பில் அம்மாணவிக்கு இவற்றையெல்லாம் சுருக்கமாகக் கூறிவிட்டு, கரும்பலகையில் இருந்த பழைய வரியின்கீழ் இன்னுமொரு வரியைச் சேர்த்தோம்: “நல்ல தண்ணீர் என்பது சோதித்து அறியப்பட்ட தண்ணீர்.” இப்பொழுதெல்லாம் இவ்விரண்டாம் வரியையும் எழுதும் மாணவருக்கே நாம் முழுப் புள்ளி வழங்குகிறோம்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் ஒருவர் நாளை இரசாயனராகலாம், மருத்துவராகலாம், நீர்வள அதிகாரியாகலாம். அப்பொழுது ஒரு புட்டி நீர் உங்கள் மேசைமீது வைக்கப்படும். அது எந்த ஊர்க் குழந்தையின் குவளைக்குச் செல்லும் நீரோ என்று எண்ணிச் சோதியுங்கள், கண்ட உண்மையை அஞ்சாது கூறுங்கள், மீண்டும் சோதியுங்கள். ஐயம் எழும்போது எழுந்து நின்று கேட்ட அம்மாணவியைப் போல், கேட்கும் பழக்கத்தை இன்றே கைக்கொள்ளுங்கள்.

வாழ்க மாணவர் சமுதாயம்! வளர்க நல்லறிவு!